ஒற்றையாக வந்தால் உள்ளே விடாதவர்

சோதனைச்சாவடி மனிதர் என்று ஓர் இனம் இருக்கிறது. அருகிவரும் இனமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அலுவலகத்துக்கு ஒன்று, தெருவுக்கு இரண்டு என்று அமோகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. அடையாளம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது ஒரு பொருளை நீட்டினால் நீங்களும் நானும் கை நீட்டி வாங்கிக்கொள்வோம். அவர் வாங்கமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "இது என்ன வகை?" என்பார். வகையைச் சொல்லி, அது சரியான வகைதான் என்று நிரூபித்து, அவர் திருப்தியோடு தலையாட்டிய பிறகுதான் பொருள் கை மாறும். மாறியதும் அதைப் பிரிக்காமலே மேஜையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். உள்ளே என்ன இருக்கிறது? அதைப் பற்றி அவருக்கென்ன? வகை சரியாக இருந்துவிட்டதே, அது போதாதா!

நம் கையில் அகப்பட்டிருப்பவர் கம்ப்யூட்டரில் நிரல் எழுதுகிறவர். நாற்பத்திரண்டு வயது, மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மனைவி, பத்து வயதில் ஒரே மகள். அலுவலகத்தில் அவரை எல்லோரும் செக்போஸ்ட் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் அது அவர் காதிலேயே விழுந்துவிட, மனிதர் குதிக்கப்போகிறார் என்று எல்லோரும் மேஜைக்கடியில் ஒளியாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். அவரோ உள்ளம் குளிர்ந்துபோனார். மறுநாளே தன் காப்பிக் கோப்பையில் அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிக்கொண்டார்.

வீட்டிலும் இதே கூத்துதான்.

"என்னங்க, வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க."

"ஒண்ணா, ஒண்ணுக்கு மேலயா?"

"ஏதோ வாங்கிட்டு வாங்களேன்."

"அப்படிச் சொன்னா எப்படி? ஒண்ணுன்னா சட்டைப் பையில போட்டுக்கலாம். நிறையன்னா தனியா பை எடுத்துட்டுப் போகணும். எதுன்னு முடிவா சொல்லு."

"நீங்க சோப்பே வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்து சேர்ந்தா போதும்."

தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்து, டப்பாதானா, மூடி இருக்கிறதா, மூடி இறுகியிருக்கிறதா என்று மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். ஒருநாள் அலமாரியில் கழுவிக் கவிழ்த்திருந்த காலி டப்பாவை இதே மரியாதையோடு எடுத்துப்போய், மதியம் சக ஊழியர்கள் நடுவில் உட்கார்ந்து திறந்தார். உள்ளே காற்றுதான் இருந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "டப்பா சரியாத்தான் இருந்துச்சு!"

இந்த வியாதி அவருக்கு எப்படித் தொற்றியது என்று கேட்பீர்கள். நிரலுக்குள் விஷயங்கள் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். சிலது தனி ஆளாக வரும். சிலது வரிசையாக வரும். வரிசையை அந்தத் தொழிலில் அர்ரே என்பார்கள். நாம் வரிசை என்றே வைத்துக்கொள்வோம். எது எப்படி வரும் என்பது எழுதும்போது தெரியாது. நிரல் ஓட ஆரம்பித்து, ஆள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியும். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாடிக்கையாளருக்கு வாழ்த்து அனுப்பப் போன நிரல், பெயர்களின் வரிசை வரும் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க, வந்ததோ ஒரே ஒரு பெயர். நிரல் சளைக்கவில்லை. அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகப் பிய்த்து, ஒவ்வோர் எழுத்தையும் ஓர் ஆளாக எண்ணி, 'அன்புள்ள கு அவர்களுக்கு', 'அன்புள்ள ம அவர்களுக்கு' என்று அந்த மனிதருக்கு வரிசையாக வாழ்த்துகளை அனுப்பித் தள்ளிவிட்டது. அவர் கேட்ட கேள்விகளை நிரல் எழுதிய நம் ஆள்தான் நின்று கேட்கவேண்டியிருந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

அதன்பிறகு அவர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். வாசலில் வந்து நிற்பதிடம் "நீ என்ன?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. வரிசையும் "நான் ஒரு பொருள்" என்னும். தனி ஆளும் "நான் ஒரு பொருள்" என்னும். ஒன்றுமே இல்லாத வெற்றிடம்கூடக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் "நானும் பொருள்தான்" என்று சொல்லும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, "நீ வரிசையா, இல்லையா?" ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்லியாக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இதை எடுத்துச்சொல்லும்போது செக்போஸ்ட்டின் குரல் தழுதழுக்கும். கேட்பவர்கள் அவருக்கு வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் பள்ளி பஸ் வேலை வந்து சேர்ந்தது. ஊரிலிருக்கும் பள்ளிகளுக்கெல்லாம் பஸ் ஓட்டுகிற ஒரு நிறுவனம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறவேண்டிய பிள்ளைகளின் விவரம் காலையில் அவர்களிடமிருந்து வரும். செக்போஸ்ட்டின் நிரல் அதை வாங்கி, டிரைவரின் போனில் 'இங்கே நிறுத்து', 'இங்கே யாருமில்லை, போ' என்று காட்டும். முதல் ஓட்டம் திங்கட்கிழமை. அவருடைய மகள் படிக்கிற பள்ளியின் பஸ்ஸும் அதில் சேர்த்தி.

அந்தத் திங்கட்கிழமை மகளுக்கும் பெரிய நாள். பள்ளிகளுக்கு இடையே நடக்கும் நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நாலு பேரைப் பொறுக்குகிறார்கள். காலை எட்டரைக்கு மைதானத்தில் தேர்வு. இரண்டு மாதமாக அந்தப் பெண் சாயங்காலம் ஆனால் போதும், வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தாள். போனில் நேரம் பிடித்து நின்றவர் அப்பாதான். அவருக்கு மகள்மேல் உயிர். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனிதரை நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடுவீர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அடுத்தவர் எழுதிய நிரலை உடைத்துப் பார்ப்பதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்டிருக்கும் சோதனைப் பிரிவுப் பெண் அவர் மேஜைக்கு வந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். ஒரு ஸ்டாப்ல ஒரே ஒரு பிள்ளைதான் ஏறுதுன்னு வைங்க. அவங்க பக்கத்துல இருந்து அது வரிசையா வராது. அந்தப் பிள்ளை விவரம் மட்டும் மொட்டையா வரும்போல இருக்கு. உங்க கோட் அதை என்ன பண்ணும்?"

"நீ வரிசையான்னு கேக்கும். இல்லைன்னு சொன்னா வெளியில தள்ளிடும்."

"தள்ளிட்டா பிள்ளை?"

"ஏம்மா, ஒரு ஆள்னாலும் அதை ஒரு ஆள் நிக்கிற வரிசையா அனுப்பணும். அதுதான் முறை. முறை தெரியாம அனுப்பறவங்களுக்கெல்லாம் நான் கதவைத் திறந்துவிட்டா, நாளைக்கு எவன் மதிப்பான்?"

"இல்ல சார், அதை நாமளே ஒரு வரிசைக்குள்ள போட்டு எடுத்துக்கலாமே? ஒரு வரிதானே."

"இன்னிக்கு ஒரு வரி. நாளைக்கு?"

இதற்கு அவளிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்காது. "நாளைக்கு?" என்று கேட்டுவிட்டால் எப்பேர்ப்பட்ட நியாயமும் வாயை மூடிக்கொண்டு போய்விடும் என்பது இந்த இனத்துக்குப் பிறவியிலேயே தெரிந்த வித்தை. உன் மகள் ஏறுகிற தெருமுனையில் எத்தனை பிள்ளைகள் என்று அவரைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் அவரே சொல்லியிருப்பார், ஒரே ஒருத்திதான் என்று. யார் கேட்டார்கள்?

திங்கட்கிழமை. மனைவிக்கு ஆறரைக்கே வேலை, கிளம்பிப் போய்விட்டாள். செக்போஸ்ட் மகளுக்குத் தலை வாரிவிட்டு, ஓட்டக் காலணியின் கயிற்றைத் தானே இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, "ஏழு இருபதுக்கு பஸ். வீட்டைப் பூட்டிட்டு ஏழேகாலுக்கு முனையில போய் நில்லு கண்ணு" என்று சொல்லிவிட்டு, முதல் ஓட்டத்தைப் பார்க்க ஓடினார்.

அலுவலகத்தில் எல்லோரும் அவர் திரையைச் சுற்றி நின்றார்கள். பஸ்கள் கிளம்பின. நிறுத்தம் நிறுத்தமாகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டே வந்தது. ஏழு இருபதுக்கு, விடாமல் நடக்கிறதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேட்டில் ஒரு சிவப்பு வரி விழுந்தது: 'வரிசை அல்ல. நிராகரிக்கப்பட்டது.'

"பாத்தீங்களா!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பாத்தீங்களா! வந்துச்சு பாருங்க ஒண்ணு! புடிச்சிட்டேன்ல? இந்த செக் இல்லைன்னா இது உள்ள புகுந்து என்ன ஆட்டம் ஆடியிருக்கும்!"

சோதனைப் பிரிவுப் பெண் மட்டும், "எந்தப் பிள்ளைன்னு பாருங்க சார்" என்றாள்.

"பிள்ளை யாரா இருந்தா என்னம்மா? வரிசை இல்லை. அவ்வளவுதான் விஷயம்."

எல்லோருக்கும் தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டிருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. தெரியாத எண்ணை எடுப்பதில்லை என்பது அவர் விரதம், துண்டித்தார். மறுபடி வந்தது. மறுபடி துண்டித்தார். மூன்றாம் முறையும் வர, "எவ்வளவு சொன்னாலும் புத்தி வராது இவங்களுக்கு" என்று அலுத்துக்கொண்டு போனையே கவிழ்த்து வைத்தார். எட்டு மணிக்குப் போனை நிமிர்த்தியபோது மனைவியின் பெயர் மின்னிக்கொண்டிருந்தது.

"என்னங்க, பஸ் ஏன் நிக்கலை?"

"எந்த பஸ்? ஒண்ணா, நிறையவா?"

"உங்க பொண்ணு பஸ்ஸுங்க! அது பாட்டுக்கு நிக்காம போயிடுச்சாம். பிள்ளை முக்கால் மணி நேரமா முனையில நிக்கறா. அங்க இருக்கற தையல் கடைக்கார அம்மாகிட்ட போனை வாங்கி உங்களை மூணு தடவை கூப்பிட்டிருக்கா, மூணு தடவையும் கட் பண்ணியிருக்கீங்க. கடைசியில எனக்குப் போட்டு அழறா. நான் இங்க வார்டை விட்டு நகர முடியாது. இன்னிக்கு அவளுக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அவர் திரைக்குப் போய் அந்தச் சிவப்பு வரியை, வாழ்க்கையில் முதல்முறையாக, உள்ளே திறந்து பார்த்தார். நிறுத்தத்தின் பெயர்: அவர் வீட்டுத் தெருமுனை. வயது: பத்து. பெயர்: அவர் ஏழு நாள் யோசித்து, மனைவியோடு சண்டை போட்டு, தானே தேர்ந்தெடுத்து வைத்த பெயர். பக்கத்தில் நின்ற சோதனைப் பிரிவுப் பெண் அவர் கையிலிருந்த காப்பிக் கோப்பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

வாடகைக் காரில் ஏறியவர் முதலில் டிரைவருக்குப் போன் போட்டார், பள்ளி பஸ் டிரைவருக்கு.

"அந்த முனையில ஒரு பொண்ணு நின்னுதா இல்லையா?"

"நின்னுச்சு சார். கையைக் கூட ஆட்டுச்சு. பாவம், நல்ல பிள்ளை. நானும் கையை ஆட்டிட்டுத்தான் வந்தேன்."

"பாத்துட்டு ஏன்யா நிறுத்தலை?"

"போன்ல யாருமில்லை, போன்னு இருந்துச்சே சார். நான் என் இஷ்டத்துக்கு நிறுத்தினா, நாளைக்கு?"

செக்போஸ்ட் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

தையல் கடை வாசலில் ஒரு முக்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். கடைக்கார அம்மா அவரை மேலும் கீழும் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் தாள் பொசுங்கிவிடும். காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனபிறகு மகள் கேட்டாள்.

"ஏன்ப்பா நிக்கலை?"

"அது வந்து கண்ணு... எல்லா ஸ்டாப்லயும் பிள்ளைங்க வரிசையா வந்தாங்க. நம்ம ஸ்டாப்ல இருந்து நீ ஒத்தையா வந்தே. அதனால கம்ப்யூட்டர் உன்னை எடுத்துக்கலை."

"ஒத்தையா நின்னா நான் இல்லையாப்பா?"

ஆயிரம் கூட்டங்களில் எதிராளியை மடக்கிய மனிதர், மகளின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலித்தது. நன்றாகவே வலித்தது.

பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் பாதி அழிந்துகிடந்தன. விளையாட்டு ஆசிரியர் ஒரு அட்டையில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றப்போன சமயம். செக்போஸ்ட் மூச்சிரைக்க நடந்ததையெல்லாம் சொன்னார். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தாளைக் காட்டினார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனா ரூல் பாருங்க. 'மாணவர்களை வரிசையாக நிறுத்தி ஓடவிட வேண்டும்.' நாலு நாலு பேரா நிக்க வெச்சு ஓடவிட்டு முடிச்சாச்சு. ஒத்தை ஆளை எப்படி ஓடவிடறது?"

"ஒத்தை ஆளும் ஆள்தானே சார்! உங்க கையில கடிகாரம் இருக்கு. ஓடவிட்டு நேரத்தைப் பாருங்க. வேகமா ஓடுதா இல்லையா, அதானே முக்கியம்? வரிசையா வந்துச்சா, தனியா வந்துச்சான்னா பாப்பாங்க?"

"இன்னிக்கு உங்க பொண்ணுக்காக ஒத்துக்கிட்டேன்னு வைங்க. நாளைக்கு?"

தன் வார்த்தை பிறத்தியார் வாயிலிருந்து வந்து முகத்தில் அறைந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்த நேரத்தில் செக்போஸ்ட்டின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குனிந்தார். பூட்ஸைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். கழுத்துப் பட்டையில் தொங்கிய அலுவலக அட்டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, மகளுக்குப் பக்கத்துக் கோட்டில் போய்க் கையை ஊன்றி உட்கார்ந்தார்.

"இப்போ வரிசைதானே சார்?"

ஆசிரியர் தாளைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். மாணவர்கள் என்று போட்டிருந்ததே, அதைக் கவனிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். வரிசை அமைந்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை. விசிலை ஊதிவிட்டார்.

ஓடினாள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம். முக்கால் மணி நேரம் தெருமுனையில் நின்ற கோபம், பஸ்காரர் கையாட்டிவிட்டுப் போன அவமானம், எல்லாம் சேர்ந்து காலுக்கு வந்துவிட்டது. அப்பாவும் ஓடினார். முப்பது மீட்டர் வரை ஓட்டம், அறுபது வரை நடை, அதன்பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வகுப்பறை ஜன்னல்களில் பிள்ளைகள் தலைக்குமேல் தலை வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஓடின எல்லோரையும் எழுதியாக வேண்டும் என்று ஆசிரியர் அவரையும் தாளில் எழுதிக்கொண்டார். 'தந்தை. முடிக்கவில்லை.'

அலுவலகத்துக்குத் திரும்பியதும், ஒற்றையாக வருவதை ஒரு வரிசைக்குள் போட்டு எடுத்துக்கொள் என்று ஒரே ஒரு வரி எழுதிச் சேர்த்தார். மறுநாள் ஏழு இருபதுக்குப் பஸ் தெருமுனையில் நின்றது. மனைவி அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, நிற்கிறதா என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவரோடு பேச ஆரம்பித்தாள்.

ஆள் திருந்திவிட்டாரா? அடுத்த வாரமே பள்ளிக்கு ஒருநாள் விடுமுறை. அன்று காலை டிரைவர் போன் போட்டார்.

"சார், லீவு நாள்ல வண்டியை எடுக்கச் சொல்லி போன் அடிச்சுது. எடுத்துட்டு வந்தா எல்லா ஸ்டாப்லயும் நிறுத்துங்குது. நிறுத்தறேன், கதவைத் திறக்கறேன், யாருமே ஏறலை. மூடிட்டு அடுத்த ஸ்டாப்புக்குப் போறேன். இதுவரைக்கும் ஒன்பது ஸ்டாப் ஆச்சு."

"போன்ல பிள்ளைங்க வரிசை வருதா?"

"வருது சார். உள்ள ஒரு ஆளும் இல்லை. காலி."

"காலியா இருந்தாலும் வரிசைதானே? அப்போ சரியாத்தான் வேலை செய்யுது. ஓட்டுங்க."

போகட்டும், அவரை விடுங்கள். உங்களுக்கு வருவோம். இதைப் படிக்க ஆரம்பித்தவுடனே, இது கதையா கட்டுரையா என்று ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். கேலிதான், சிரிக்கலாம் என்று முடிவு கட்டியபிறகுதான் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நடுநடுவே, எங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இதே மாதிரி என்று ஒரு முகத்தைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மாதம் ஓடிப் பழகிய அந்தப் பிள்ளை தேர்வானாளா இல்லையா என்று நான் இன்னும் சொல்லவில்லை. மைதானத்தை விட்டுக் கிளம்பும்போதே "அட, அவள் என்ன ஆனாள், அதைச் சொல்லிவிட்டுப் போய்யா" என்று என் சட்டையைப் பிடித்தீர்களா? பிடித்திருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். நான் சொன்ன பிறகுதான் "அட, ஆமாம்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்றால், மன்னிக்கவேண்டும், இவ்வளவு நேரம் உங்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

கேட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். தேர்வானாள். நாலு பேரில் முதல் ஆள் அவள்தான்.